யேல்: கொடையும் பொருள் வந்த வழியும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் எலிகூ யேல் என்று சிலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். இக்கூற்று பொருந்தாது. 1701ஆம் ஆண்டில் கனெக்டிகட்டில் கிறித்தவ குருமார் சிலர் அக்கல்லூரியைத் தொடங்கியபோது அவருக்கு அதில் பங்கில்லை. 1718இல் கல்லூரி பொருள்முட்டுற்ற காலை, காட்டன் மேதர் என்னும் பாதிரியார் இலண்டனில் வாழ்ந்த யேலுக்கு மடல் எழுதி உதவி வேண்டினார். உதவினால் அவர் பெயரே சூட்டப்படலாம் என்றும் உணர்த்தினார். யேல் அனுப்பியவை 417 நூல்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம், ஒன்பது பொதிச் சரக்கு. சரக்கை விற்றுக் கிடைத்தது ஏறத்தாழ 562 பவுன். அத்தொகைக்கு அழியாத பெயர் கிடைத்தது.

அச்செல்வம் விளைந்த இடம் எது? நம் சென்னையே. 1672இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் எழுத்தராக வந்த யேல், 1687இல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானார். கும்பெனி ஊதியம் சிறிது; வைரம் முதலியவற்றில் நடத்திய சொந்த வாணிகமே அவரைப் பெருஞ்செல்வர் ஆக்கியது. பதவியைத் தன்னலத்துக்குப் பயன்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டெழ, 1692இல் அவர் பதவி இழந்தார்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. அவர் தலைமையில் இருந்த ஆட்சிக் குழு, ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றுமாறு 1687இல் ஆணையிட்டது. மறு ஆண்டே அடிமை ஏற்றுமதி தடுக்கப்பட்டது என்று யேலுக்காக வாதிடுவோர் கூறுவர். உண்மைதான், ஆயினும் அத்தடையில் முகலாய ஆட்சியின் எதிர்ப்புக்கும் பங்குண்டு. அக்காலத்து வழக்கம் அது என்பாரும் உளர். வழக்கம் என்பதனால் கப்பலேறியவர் துயர் குறைந்துவிடுமா? கும்பெனி யேலைக் கடிந்ததும் தன் ஆதாயத்துக்கு நேர்ந்த கேட்டினாலேயே.

தீதின்றி ஈட்டிய பொருளே அறத்தையும் இன்பத்தையும் தரும் என்பது வள்ளுவர் கொள்கை. அந்த உரைகல்லில் உரைத்தால் யேலின் கொடை மாற்றுக் குறைந்ததே.

அடிமை முறையை ஆதரித்த கால்ஹூனின் பெயரை, தன் உறுப்புக் கல்லூரிகளுள் ஒன்றிலிருந்து நீக்க அப்பல்கலைக்கழகம் 2017இல் முடிவு செய்தது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024இல் மன்னிப்பும் கோரியது. யேல் என்னும் பெயர் மட்டும் மாறவில்லை. அது நிற்பதும் நீங்குவதும் அவர்கள் பொறுப்பு. அவர் வரலாற்றை மாணவர்க்கு உரைக்கும் தமிழாசிரியர்க்கு உரிய பொறுப்பு வேறு. கொடுத்த கையைக் காட்டும்போது, அக்கை பொருள் திரட்டிய சென்னைத் துறையையும், அங்கிருந்து பெயரின்றிக் கப்பலேறியவரையும் சேர்த்தே காட்டுதல் வேண்டும். அவரை மறந்து சொல்லும் வள்ளல் கதை பாதிக் கதையே.