திரையில் ஓடும் கார்களின் பூர்வீகம்

பழைய படங்களைப் பற்றி எழுதும் நம்மவர்கள் உடை, நகை, வசனம், பாட்டு எல்லாவற்றையும் நுணுகிப் பார்க்கிறார்கள். கார் வந்தால் மட்டும் "வெளிநாட்டுக் கார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எந்த நாடு, எந்த மாடல், எந்த ஆண்டு என்று கேட்பதே இல்லை. சுவடியின் எழுத்து வடிவைப் பார்த்துக் காலம் சொல்வது போல, காரின் முன்கிரில்லைப் பார்த்தும் காலம் சொல்லலாம். இதைப் பையன்கள் விளையாட்டு என்று ஒதுக்கியதால் திரைப்பட விமர்சனத்துக்குத்தான் நஷ்டம்.

முதல் குழப்பம் பெயர்ப்பட்டையில் இருக்கிறது. பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிரைஸ்லர் கம்பெனியோடு சேர்ந்து பிளைமவுத், டாட்ஜ், டிசோட்டோ என்று மூன்று பெயரில் கார் விட்டது. டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமேட் இரண்டுக்கும் உடம்பு பிளைமவுத்துதான். கிரில்லும் பட்டையும் வேறு. ராணிகஞ்சில் உதிரி பாகம் விற்றே தலை நரைத்தவன் நான். மூன்று காரின் சொந்தக்காரர்களும் ஒரே சாமானைக் கேட்டு வருவார்கள். ஆனால் தன் கார்தான் உசத்தி என்று அவரவருக்கும் நினைப்பு!

பெயர் இப்படியென்றால் நாடு இன்னும் சிக்கல். மணிமேகலையில் புகார் நகரத்துச் சோழன் பொழிலில் ஒரு மண்டபம் வருகிறது. அதைக் கட்டியவர்களைச் சாத்தனார் நாடு வாரியாகச் சொல்கிறார்: மகதத்தார், மராட்டத்தார், அவந்தியார், யவனர். அவர்களோடு தமிழ்நாட்டுத் தொழிலாளரும் கூடிச் செய்தார்களாம். எங்கள் சமணக் காப்பியமான பெருங்கதையிலும் கொங்குவேளிர் இப்படியே கைவினைஞர்களை நாடு சொல்லி நிறுத்துகிறார். பல நாட்டுக் கை பட்டால்தான் பொருளுக்குப் பெருமை என்று அந்தக் காலத்தார் நினைத்திருக்கிறார்கள். நாமோ ஒரே ஒரு நாட்டைச் சொல்லிவிட்டு நகர்கிறோம்.

1985இல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தின் டிலோரியன் காரை எல்லாரும் அமெரிக்கக் கார் என்பார்கள். கம்பெனி அமெரிக்கரோடது, சரி. வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜுஜாரோ. அடிச்சட்ட வேலை இங்கிலாந்தின் லோட்டஸ். எஞ்சின் பிரெஞ்சு, சுவீடன் கம்பெனிகளின் கூட்டுச் சரக்கு. பூட்டியவர்கள் வட அயர்லாந்துத் தொழிலாளர்கள். அந்த மண்டபக் கணக்குக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1949இல் முழுதாகத் தயாரான கார்களின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 1953இல் டாரிஃப் கமிஷன், இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்ற நிலையை எடுத்ததும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. அதன் பிறகு வெகுகாலம் ரோட்டில் மூன்றே முகம்: உத்தரபாரா அம்பாசடர், குர்லா ஃபியட், சென்னை ஸ்டாண்டர்டு. அதனால்தான் 1960, 70களின் படத்தில் ஒரு இம்பாலா வந்து நின்றால் கொட்டகையே நிமிர்ந்து உட்கார்ந்தது. தூதரகத்தார் விட்டுப்போன கார்களை அரசின் எஸ்.டி.சி. விற்கும்போது பிடித்தால்தான் உண்டு.

ரஜினிகாந்த் 2019 டிசம்பரில் 'தர்பார்' பாடல் வெளியீட்டு விழாவில் சொன்ன கதையை இந்தப் பின்னணியில் கேட்க வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு தயாரிப்பாளர் அவமானப்படுத்தி நடந்து போகச் சொன்னார். திரும்பி வந்தால் ஃபாரின் காரில்தான் வருவேன் என்று சபதம் செய்தார். பிறகு வாங்கினது இத்தாலிய ஃபியட். குர்லாவிலும் ஃபியட் செய்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அது ஃபாரின் ஆகாது! பட்டை ஒன்று, பிறந்த ஊர் வேறு, மதிப்பு வேறு. (அந்தக் குர்லா ஃபியட்டுக்குப் பின்னாளில் வந்த 'பத்மினி' என்ற பெயர் சித்தூர் ராணியுடையது, நம் நாட்டியப் பேரொளியுடையது அல்ல.)

காலக் கணக்குக்கும் இது உதவும். அம்பாசடர் வந்தது 1950களின் கடைசியில். 1952ஆம் வருஷத்துக் கதையில் அது ஓடினால் தப்பு. கட்டம் போட்ட கிரில் 1962இல் வந்த மார்க் 2இன் அடையாளம். 2018இன் 'நடிகையர் திலகம்' போன்ற படத்தில், 1950களில் தொடங்கி சாவித்திரி மறைந்த 1981 வரை கதை நகரும்போது, தெருவில் நிற்கும் கார்களும் கூடவே மூப்படைய வேண்டும். விமர்சனம் எழுதியவர்கள் சேலையின் கரையைக் கவனித்த அளவு இதைக் கவனித்தார்களா? ஹைதராபாத்தில் எடுத்த படமென்றால் நம்பர் பிளேட்டே சாட்சி சொல்லும். 1989 ஜூலைக்கு முன்னே பழைய மூன்றெழுத்து வரிசை, பிறகு ஏ.பி., 2014 முதல் டி.எஸ்., 2024 மார்ச்சிலிருந்து டி.ஜி.

நாடே கதையாகிற படமும் உண்டு. 1969இன் 'தி இட்டாலியன் ஜாப்' படத்தில் ஆங்கிலேயத் திருடர்கள் ஃபியட்டின் தாய்வீடான தூரின் நகரத்துக்குள்ளேயே மினி காரில் புகுந்து விளையாடுகிறார்கள். மினிக்குப் பதில் எங்கள் காரை வையுங்கள் என்று ஃபியட் கேட்டும் படக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் படத்தில் கிண்டலே இருக்காது. இதற்கு நேர்மாறு ரித்விக் கட்டக்கின் 'அஜாந்த்ரிக்' (1958). அதில் வரும் ஜகத்தல், 1920ஆம் வருஷத்து அமெரிக்க செவர்லே. டிரைவர் பிமலுக்கு அது சொந்தபந்தம் மாதிரி. அதோடு பேசுவான், கோபிப்பான், கெஞ்சுவான். அது அமெரிக்கா என்ற நினைப்பே பார்ப்பவனுக்கு வருவதில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அத்தனை தூரத்திலிருந்து வந்த இயந்திரம் ஒரு ஏழையின் உறவாகிப் போனது என்று அறிந்தால்தான் கட்டக் செய்ததன் கனம் விளங்கும்.

தமிழ்ப் படம் பார்ப்பவர்கள் தேட வேண்டியது ஸ்டாண்டர்டு ஹெரால்டை. இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவம் இத்தாலியர் மிக்கெலொட்டி போட்டது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்தது. அங்கே சீமையில் அதற்குக் கடைசி வரை இரண்டே கதவு. குடும்பத்தோடு ஏறி இறங்கும் நம் ஜனங்களுக்கு அது போதவில்லை. 1968இல் சென்னைக்காரர்கள் நாலு கதவு வைத்துவிட்டார்கள். எந்தப் படத்திலாவது நாலு கதவு ஹெரால்டு ஓரமாக நின்றால் நம்பர் பிளேட்டைத் தேட வேண்டாம், அது சென்னையில் செய்ததுதான்.