மெல்ல ஓடிய மயில்

மாளிகைகளையும் அந்தப்புரங்களையும் ஸ்டூடியோ தளங்களிலே நிர்மாணித்துப் பழகிய நமது படவுலகத்தில், எஸ். ஏ. ராஜ்கண்ணுவின் சொற்ப மூலதனத்தையும், அதுவரை உதவி இயக்குநராகவே இருந்த பாரதிராஜாவின் அபார தைரியத்தையும் துணையாகக் கொண்டு 1977-இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ படத்தை நினைக்கும்போதெல்லாம், அதன் கதையைக் காட்டிலும் அதன் சிக்கனமே என் மனத்தை வசீகரிக்கிறது.

செட் போடாத குறையை மெய்யான கிராமத்து மண்ணும் வெயிலும் நிவர்த்தி செய்துவிட்டன. ஆனால் ‘செந்தூரப்பூவே’ பாட்டுக்குக் கண்டுபிடித்த உபாயம் அதனினும் விசேஷமானது. கதாநாயகி மயில் மெல்ல மிதந்து ஓடுவதாகத் திரையில் தோன்றவேண்டுமானால், காமிராவுக்குள் பிலிம் அதிவேகமாக ஓடவேண்டும். அத்தகைய காமிராவுக்கு வசதியில்லாமையால், மயிலாக நடித்த ஸ்ரீதேவியையே நிதானமாக அடியெடுத்து ஓடச் சொல்லி, பி. எஸ். நிவாஸ் அதைச் சாதாரண வேகத்திலேயே படம்பிடித்தார். யந்திரம் அந்த வேலையைச் செய்திருந்தால் காற்றும் செடிகொடிகளும் அவளோடு சேர்ந்து மந்தமாகியிருக்கும்; இங்கேயோ உலகம் தன் இயல்பான கதியில் இயங்கிக்கொண்டிருக்க, பருவத்தின் மயக்கத்தில் அவள் ஒருத்தி மாத்திரம் வேறொரு காலத்தில் சஞ்சரிக்கிறாள். மயிலின் மனோநிலையை இதைவிடப் பொருத்தமாகக் காட்ட ஏராளமான பணத்தாலும் இயலாதென்பது என் திடமான அபிப்பிராயம்.

பாரதிராஜாவைப் போலவே, அந்தப் பாட்டை எழுதிய கங்கை அமரனும் அன்று பாடலாசிரியராகப் புதியவரே, இசையமைத்த இளையராஜா திரைக்கு வந்து அப்போது ஒரே ஒரு வருஷம் ஆகியிருந்தது, பாடிய எஸ். ஜானகிக்கோ அதுவே முதல் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.