தாயில்லாக் காளைகள்

2025 பொங்கலில் அலங்காநல்லூரில் அதிக மாடு பிடித்தவருக்குக் கார், சிறந்த காளையின் உரிமையாளருக்கு டிராக்டர். அந்தக் காளையை ஈன்ற பசுவுக்கு என்ன பரிசு என்று கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஜல்லிக்கட்டு இல்லையேல் நாட்டு மாடு இல்லை என்ற வாதம் 2017 ஜனவரியில் மெரினாவில் முழக்கமாக ஒலித்தது. அதே மாதம் சட்டத் திருத்தத்தில் ஏறியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றபின் கேள்வி கேட்க முடியாத உண்மையாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தத் திருத்தத்தின் நோக்கவுரையைக் கவனித்துப் படித்தவர் குறைவு. அது காக்க முனைவது நாட்டுக் காளை இனங்களை. பசு அதில் இல்லை. எழுதியவர் கை தவறியது என்று விட்டுவிடலாம்தான். வாதம் முழுவதுமே அப்படித்தான் இருக்கிறது என்பதால் விட மனமில்லை.

விளையாட்டால் நன்மை இல்லாமலில்லை. உழவுக்கு டிராக்டர் வந்தபின் காளைக்கன்றுக்கு அடிமாட்டுச் சந்தையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. வாடிவாசலும், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டச் சாலைகளில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து நடக்கும் வண்டிப் பந்தயமும்தான் அதற்கு ஒரு விலை கொடுத்தன. பருத்திவிதையும் பேரீச்சம்பழமும் கொடுத்து, கண்மாயில் நீந்தவிட்டு, மண்மேட்டைக் குத்தவிட்டுக் காளையைத் தேற்றுகிறவரின் உழைப்பைக் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் அது வளர்ப்பு, இனப்பெருக்கம் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் ஏமாற்று இருக்கிறது. மானாமதுரைப் பக்கத்துப் புலிக்குளத்தின் பெயர் தாங்கிய மாடு சிவகங்கை, மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் மந்தையாகத்தான் வாழ்கிறது. தொழுவத்து மாடு அல்ல, கிடைமாடு. பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, பொழுது சாய யாராவது ஒரு சம்சாரியின் கரிசல் புஞ்சையில் படுக்கும். விடியும்போது சாணமும் கோமியமும் நிலத்தில் கிடக்கும். அதற்கு இரவுக்கு இவ்வளவு என்று கூலி. பாலைப் பெரும்பாலும் கன்றுக்கே விட்டுவிடுவதால், மந்தைக்காரருக்கு உரக்கூலியையும் கன்று விற்ற காசையும் விட்டால் வேறு வரும்படி இல்லை. வாங்க வருகிறவர் சுழி பார்க்கிறார், கொம்பின் முளையைத் தடவுகிறார், காரியா செவலையா என்று பார்க்கிறார், கன்றைப் பிரித்து வண்டியில் ஏற்றுகிறார். தாய் மந்தையிலேயே நின்றுவிடுகிறது. அது எத்தனை ஈற்று ஈன்றது, முன்னீற்றுக் கன்றுகள் எங்கே எப்படி நின்று விளையாடின என்று அவர் கேட்பதில்லை. நான்கு வருடம் கழித்து ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயரும் உரிமையாளர் பெயரும் முழங்கும். கன்று பிறந்த மந்தையின் பெயர் அங்கே வராது.

காளைக்கு விலை ஏறினால் மந்தைக்காரரும் பசுவை விடாமல் வைத்திருப்பார் என்பார்கள். விலை எங்கே ஏறுகிறது? கன்று கைமாறிய பிறகு, கட்டுத்தறியில். மந்தைக்குக் கிடைப்பது கன்றுவிலை, அதுவும் ஒரே தடவை. வென்ற காளை பொலிகாளையாகிறதே என்பது அடுத்த வாதம். வேகம் குறைந்துவிடும் என்று பசுவோடு சேர்க்கத் தயங்குகிறவர்கள் இருப்பது ஒருபுறம் இருக்கட்டும். சேர்த்தாலும், சில நொடி ஆட்டத்தில் தெரிந்த சீற்றம் பிறவிக் குணமா, பழக்கியவர் கைவண்ணமா என்று எந்தப் பதிவேட்டை வைத்துச் சொல்வது? பந்தயக் குதிரைக்காரர்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். 1791இல் இங்கிலாந்தில் தொடங்கிய வம்சாவளிப் பதிவேட்டில் குட்டிகள் தாய்க்குதிரையின் பெயருக்குக் கீழேதான் வரிசையாக இடம்பெறும். நம் நாட்டுப் பந்தயக் குதிரைகளுக்கும் புனேயில் அப்படியொரு பதிவேடு உண்டு. ஸ்பெயினின் காளைப்பண்ணைகள் இன்னும் ஒரு படி மேலே. களத்துக்குப் போகும் காளையை முன்கூட்டி மனிதனோடு மோதவிட மாட்டார்கள். இளம்பசுக்களைத்தான் பண்ணைக்குள்ளேயே குதிரைவீரன்முன் விட்டுச் சோதிப்பார்கள். துணிச்சல் தாய்வழி வருவது என்பது அவர்கள் நம்பிக்கை. குறிப்பேட்டில் தேறிய பசுதான் கன்று ஈனலாம். அங்கே காளையைக் களத்தில் கொல்கிறார்கள் என்பதை மறக்கவில்லை. ஆனால் இனத்தைக் காப்பது என்றால் என்னவென்று நம்மைவிட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கோ, நாட்டுக் காளைகளை மட்டுமே அவிழ்க்க வேண்டும் என்று 2021 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. இனத்தைக் காப்பதாகச் சொன்ன களத்தில் கலப்பினத்துக்கு என்ன வேலை?

மேய்ச்சல் நிலத்தின் கதை இதைவிட மோசம். கண்மாய்களைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலைகள் கொட்டகைக்குக் கொட்டகை இடைவெளி விட்டாக வேண்டும். அதற்காகச் சுற்றி வேலியிட்ட வானம்பார்த்த பூமிக்குள் மாடு நுழையாது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அடுத்த ஆண்டு மார்ச்சில் தமிழகக் காடுகள் எதிலும் மேய்ச்சல் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்து, பிறகு அதைக் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் அளவுக்குச் சுருக்கியது. மலையடிவார மந்தைகளுக்கு அந்தச் சுருக்கத்தால் ஒன்றும் மிச்சமில்லை. மேய்ச்சல்காரர்கள் மனுவோடு அலைந்தார்கள். மெரினாவில் விடிய விடியக் கூடியிருந்த கூட்டம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே அரங்கம் திறந்தார்கள். காளை ஓட இடம் கிடைத்துவிட்டது. பசு மேய ஸ்ரீவில்லிபுத்தூர் அடிவாரத்தில் இடம் இல்லை.