புழுதியில் விதைக்கச் சொல்கிற கை, பிர்காவில் அளக்கிற கை

வேளாண் துறையைத் திட்டி எழுதுவது சுலபம். கரிசக்காட்டில் அது பாதி நியாயமும் இல்லை. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901ல் பருத்திக்காக வந்தது. கே 11 பருத்தியும் கே 8 சோளமும் அங்கே உருவான ரகங்கள். அந்த 'கே' கோவில்பட்டியைத்தான் குறிக்குது. 1970ல் தொடங்கிய அகில இந்திய மானாவாரி ஆராய்ச்சித் திட்டத்திலும் அது ஒரு மையம். இவ்வளவு காலம் ஒரே மண்ணைப் பார்த்துக்கிட்டே இருந்த அரசு அலுவலகம் இந்தப் பக்கம் வேற எது?

அந்த நிலையம் வலியுறுத்துகிற முன்பருவ விதைப்பை எடுத்துக்குவோம். கரிசல் நனைஞ்சா காலை வச்சா காலைப் பிடிக்கும். டிராக்டர் இறங்காது. பதம் வர்ற வரைக்கும் காத்திருந்தா, ஐப்பசி கார்த்திகையில் கிடைக்கிற கொஞ்ச நாள் ஈரத்தில் பாதி போயிரும். அதனால் மழைக்கு முன்னாடியே, புரட்டாசிப் புழுதியில், விதையைக் கடினப்படுத்தி 5 செ.மீ. ஆழத்தில் போடச் சொல்றாங்க. லேசான தூறலுக்கு விதை ஏமாறாது. நல்ல மழை விழுந்தால்தான் முளைக்கும். மண்ணையும் வானத்தையும் சேர்த்துப் பார்த்த யோசனை இது. எனக்கு இதில் மரியாதை உண்டு.

ஆனா முதல் மழைக்கு முளைச்ச பயிர் இரண்டாம் மழை தள்ளிப் போனா கருகிரும். அந்த நஷ்டம் யாருக்கு? இந்தக் கேள்விக்கான பதில் நிலையத்தின் கையில் இல்லை, 2016ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் கையில் இருக்கு. ராபி உணவு தானியம், எண்ணெய்வித்துக்கு சம்சாரி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். பருத்தி மாதிரி வணிகப் பயிருக்கு 5 சதவீதம். மீதிப் பிரீமியம் அரசுகளுடையது. கட்டணத்தைக் குறை சொல்ல முடியாது. குறை அளவுகோலில் இருக்கு.

ஆலங்கட்டி, வெள்ளம் சூழ்றது, மேகவெடிப்பு மாதிரி சிலதுக்கு மட்டும் தனிப்பட்ட வயலைப் பார்ப்பாங்க. அதுக்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணும். வறட்சிக்கு அப்படிக் கிடையாது. அறிவிக்கப்பட்ட பகுதி முழுக்கச் சராசரி எடுப்பாங்க. மானாவாரிப் பயிர் பலதுக்கு அந்தப் பகுதி ஒரு பிர்கா. விதைக்க முடியலை, முளைக்கலைங்கிற இழப்புக்கும் அந்தப் பகுதியின் பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் அப்படி ஆகியிருக்கணும். அப்பத்தான் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ஒரு பிர்காவுக்கு உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 300 கிலோன்னு வையுங்க. பயிர் அறுவடைச் சோதனையில் சராசரி 270 வந்தால் எல்லாருக்கும் பத்து சதவீதம். 310 வந்தால் யாருக்கும் ஒண்ணுமில்லை. காட்டில் 40 கிலோ எடுத்தவனுக்கும் அதேதான். கரிசல் மழை எப்படிப் பெய்யும்னு இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும்: ஓடைக்கு அந்தப் பக்கம் கொட்டும், இந்தப் பக்கம் புழுதி பறக்கும். பிர்கா எல்லையைப் பார்த்து எந்த மேகமும் நிற்கிறதில்லை.

ஆக, ஒரு கை "மழைக்கு முன்னாடி துணிஞ்சு விதை"ங்குது. அந்தத் துணிச்சல் தனி ஆளுடையது. இன்னொரு கை, எல்லாரும் சேர்ந்து தோற்றால்தான் தோல்வின்னு எழுதுது. ஒவ்வொரு வயலையும் போய் அளக்கச் செலவாகும், மோசடி நடக்கும்னு திட்டத்தை வகுத்தவங்க சொல்ற காரணத்தை நான் ஒதுக்கலை. அதுக்காக மழை வேறுபாடே இல்லாத மாதிரி நடிக்க வேண்டியதில்லையே.

கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில் தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வீட்டுக் கதவைக் கழற்றிக்கிட்டுப் போவான். அப்ப சர்க்கார் வாங்க வந்தது, இப்ப கொடுக்க வருது. பெரிய மாற்றம்தான். ஆனா கொடுக்கும்போதும் அது முதலில் தேடுறது பட்டாவையும் அடங்கலையும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தர்ற பி.எம். கிசான் நிலம் பேரில் இருக்கிறவங்களுக்குத்தான். வாரத்துக்கு உழுறவர் கணக்கிலேயே வரமாட்டார். காப்பீட்டில் குத்தகைதாரருக்கு விதிப்படி இடம் உண்டு. வாய்ப்பேச்சில் நடக்கிற வாரத்துக்கு எந்தக் காகிதத்தை நீட்டுறது? தாத்தா பேரில் கிடக்கிற கூட்டுப் பட்டாவை வச்சுக்கிட்டு அண்ணன் தம்பி நாலு பேர் அலையுறது தனிக்கதை.

பெரிய சீர்திருத்தம் எதுவும் கேட்கலை. ஊராட்சிக்கு ஒரு மழைமானி வேணும், அதன் கணக்கு ஊர்ச் சாவடிச் சுவரில் எழுதப்படணும். முளைச்சுக் கருகின காட்டுக்கு மறுவிதைப்பு விதையாவது வேளாண் விரிவாக்க மையத்தில் ஐப்பசியிலேயே இருப்பு இருக்கணும். முன்பருவ விதைப்பைப் பரிந்துரைக்கிற துறையே அந்த விதைச் செலவில் ஒரு பங்கை ஏத்துக்கணும். இதுக்கு ஆகிற பணத்தைக் கணக்குப் போட மழைப் பதிவும் விதைப்புச் சோதனை முடிவும் வேணும். ரெண்டும் கோவில்பட்டி நிலையத்து ஏடுகளில்தான் இருக்கு.