மத்தியானத்து 35, விடியற்காலை 30: ஐ20 என் லைனுக்கு எவ்வளவு காற்று?

"எவ்ளோ வைக்கட்டும் சார்?"

ஆரணியில் எந்தப் பஞ்சர் கடையில் காரை நிறுத்தினாலும் முதல் கேள்வி இதுதான். பதில் வருவதற்குள் "முப்பத்தஞ்சு வச்சிடறேன்" என்று கடைக்காரரே குழாயை மாட்டிவிடுவார். ஆல்ட்டோவுக்கும் 35, இன்னோவாவுக்கும் 35, பட்டுப் பொட்டலம் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் கிளம்பும் ஆம்னிக்கும் 35. பெரும்பாலான வண்டிகள் இதைத் தாங்கிக்கொண்டு ஓடிவிடும். கொஞ்சம் வேகத்துக்கென்றே செய்த கார் வாங்கியவர்களுக்குத்தான் இந்தப் பொதுக் கணக்கு ஒத்துவருவதில்லை.

ஹூண்டாய் ஐ20 என் லைன் அந்த ரகம். இந்தியாவில் 2021 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. 1 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 120 பிஎஸ் திறன், 172 நியூட்டன் மீட்டர் டார்க், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், சாதா ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன், கையில் கொஞ்சம் கனக்கும் ஸ்டியரிங். இதைப் போய் பெர்ஃபார்மன்ஸ் கார் என்பதா என்று பெங்களூருவில் யாராவது சிரிக்கலாம். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் போகும் ரோட்டில், கரும்பு டிராக்டருக்கும் பெயின்ட் அடிக்காத வேகத்தடைக்கும் நடுவே ஓட்டுகிறவருக்கு இந்தத் திறன் தாராளம். கார் தயாராவது இருங்காட்டுக்கோட்டையில். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளமும் அதே ஊரில் இருப்பது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல்.

இங்கே சோதனைக்கு எடுத்துக்கொண்டது காரை அல்ல, அதன் காற்றை. அதைக் காட்ட, அளக்க, நிரப்ப மூன்று சாமான்கள்: காரிலேயே வரும் டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு வசதியான டிபிஎம்எஸ், பேனா மாதிரி சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் காற்று மீட்டர், இணையக் கடைகளில் 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கும் கையடக்கக் காற்றடிக்கும் மெஷின்.

முதலில் எந்த எண் சரி என்பதை முடித்துவிடலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு, ஆளும் சாமானும் நிறைந்தால் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். அதுதான் எண். டயரின் பக்கச்சுவரில் 'மேக்ஸ் பிரஸ்' என்று 44 அல்லது 51 பொறித்திருப்பதைப் பார்த்து அந்த அளவுக்கு நிரப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது டயர் தாங்கும் உச்சவரம்பு. காருக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை, ஏனென்றால் அதே டயர் வேறு பத்துக் கார்களுக்கும் போகும்.

என் லைனில் இருப்பது 195/55 ஆர்16. அதாவது 195 மில்லிமீட்டர் அகலம், அதில் 55 சதவீதம் பக்கச்சுவர் உயரம்: சுமார் 107 மில்லிமீட்டர். ஒரு சாண் உயரம்கூட இல்லாத இந்தச் சுவர்தான் வளைவில் காரின் எடையை வாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் காற்று குறைந்தால் சுவர் மடங்கும், ஸ்டியரிங் திருப்பியதற்கும் மூக்கு திரும்புவதற்கும் நடுவே ஒரு தாமதம் வரும்.

கணக்குக்கு ஸ்டிக்கர் எண் 33 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் வண்டியில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே உங்கள் எண்). அந்த 33 குளிர்ந்த டயருக்கானது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. விடியற்காலை 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ இருந்த டயர், வேலூர் வரை ஓடி வெயில் ரோட்டில் 60 டிகிரிக்குச் சூடானால், பள்ளிக்கூட இயற்பியல் பாடத்தின் வாயு விதிப்படி ஏறத்தாழ 38 காட்டும். இதில் கோளாறு எதுவும் இல்லை. ஸ்டிக்கரில் எண் போட்டவர்கள் இந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 38-ஐப் பார்த்துப் பதறிக் காற்றை இறக்குவதுதான் தப்பு.

இதைத் திருப்பிப் போட்டால் பஞ்சர் கடைக் கணக்கு புரியும். மே மாத மத்தியானம், ஓடிவந்த சூட்டோடு கடையில் 35 வைக்கிறார்கள். அதே டயர் மறுநாள் காலை 30 டிகிரிக்கு ஆறும்போது 30 சொச்சம்தான் இருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் வைத்தது மத்தியானத்து 35.

மார்கழியில் ஆரணிக் காலை 18 டிகிரிக்கு இறங்கினால் இன்னும் 2 பிஎஸ்ஐ போய்விடும். இதற்கு மேல், எந்த ஓட்டையும் இல்லாத நல்ல டயரே மாதத்துக்குச் சுமார் 1 பிஎஸ்ஐ இழக்கும். தீபாவளிக்கு நிரப்பிய காற்றோடு பொங்கலுக்குக் கிளம்புகிறவர் 33 என்று நம்பி ஓட்டுவது உண்மையில் இருபதுகளில் இருக்கும்.

"வெயில் காலம், காத்து கம்மியா வையுங்க, இல்லேன்னா வெடிச்சிடும்" என்பது வட ஆற்காடு முழுக்கக் கேட்கும் அறிவுரை. நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் உண்மை நேர் எதிர். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பிலிருந்து சூடு பிறக்கிறது. சூடு ரப்பருக்கும் உள்ளிருக்கும் எஃகு வாருக்கும் உள்ள பிடிப்பைக் கெடுக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களுக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. டயர் செய்த ஃபயர்ஸ்டோன் பிறகு 30 வேண்டும் என்றது. வேகத்தில் டயரின் மேல்தோல் உரிந்து கார்கள் உருண்டன, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் தயாரிப்புக் குறையா, குறைந்த காற்றா, காரின் வடிவமைப்பா என்று இரு நிறுவனங்களும் ஒன்றை ஒன்று குற்றம் சாட்டி, நூறாண்டுக்கு அருகில் வந்திருந்த உறவையே முறித்துக்கொண்டன. அந்த விபத்துகளுக்குப் பிறகு வந்த சட்டம்தான் அங்கே எல்லாக் கார்களிலும் டிபிஎம்எஸ்ஸைக் கட்டாயமாக்கியது. இன்று என் லைனின் திரையில் நாலு எண்கள் தெரிவதற்கு மூலம் அதுதான்.

அந்தத் திரை எப்படி? நல்ல உதவியாள், மோசமான கணக்குப்பிள்ளை. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு ஒட்டிய சென்சார் அழுத்தத்தை ரேடியோ மூலம் அனுப்புகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பார்த்தால் எண்ணுக்குப் பதில் 'டிரைவ் டு டிஸ்ப்ளே' என்று வரும். கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் காட்டும். ஆக, குளிர்ந்த டயரின் எண் வேண்டிய நேரத்தில் அது கைவிரிக்கிறது. எச்சரிக்கை விளக்கை முழுதாக நம்பியிருப்பதும் சரியல்ல. அமெரிக்க விதி கேட்பது 25 சதவீதம் குறைந்ததும் விளக்கு எரிய வேண்டும் என்பதைத்தான். 33 வேண்டிய டயர் 25-க்கு வரும்வரை பேசாமல் இருக்க அந்த விதி இடம் கொடுக்கிறது. நெடுஞ்சாலையில் ஆணி குத்தி ஒரு சக்கரம் மட்டும் மெதுவாக இறங்கும்போதுதான் இந்தத் திரையின் அருமை தெரியும்.

வித்தியாசத்தை உடம்பில் உணர, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் ஜவ்வாது மலைப்பாதையைவிடப் பக்கத்தில் நல்ல இடம் இல்லை. முன் டயரின் தோள்பட்டையில், தரையைத் தொடும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில், சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு மலை ஏறிப் பாருங்கள். காற்று குறைவாக இருந்தால் டயர் வளைவுகளில் பக்கவாட்டில் உருண்டு, கோடு பக்கச்சுவர்வரை தேய்ந்திருக்கும். சரியாக இருந்தால் தோளின் விளிம்போடு அழிந்து நிற்கும். அதிகமாக இருந்தால் கோட்டில் பாதி அப்படியே மிஞ்சும். பந்தயக்காரர்கள் பல காலமாகச் செய்யும் சோதனை இது, செலவு ஒரு சாக்பீஸ்.

ஸ்டிக்கருக்கு 2 பிஎஸ்ஐ மேலே வைத்தால் என் லைனின் ஸ்டியரிங் இன்னும் கூர்மையாகும். கொண்டையூசி வளைவில் அது இன்பம். இறங்கி வந்து ஊர்களுக்குள் ஒட்டுப் போட்ட தார் ரோட்டில் போனால் ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்பில் பதிவாகும். ஏற்கெனவே இறுக்கமான சஸ்பென்ஷன், அதற்கு மேல் கல்லான டயர். 4, 5 என்று ஏற்றினால் தரையைத் தொடும் பரப்பும் சுருங்கி, மேடுபள்ளத்தில் பிரேக் அடிக்கும்போது சக்கரம் துள்ளும். தினசரி ஓட்டத்துக்கு ஸ்டிக்கர் எண், மிஞ்சினால் அதற்கு மேல் 1 அல்லது 2. அதற்குக் கீழே ஒருபோதும் வேண்டாம்.

ஆரணிக்கே உரிய விஷயம் சுமை. ஒரு பட்டுச் சேலை அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோவரை வரும். பின் சீட்டை மடித்து 150 சேலை அடுக்கினால் நூறு கிலோ ஆகிவிடும், அத்தனையும் பின் சக்கரத்தின் மேல். ஜவுளி வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் வார இறுதியில் மலைக்கும் வார நாளில் தி.நகருக்கும் ஒரே காரை எடுக்கிறார்கள், ஒரே காற்றோடு. ஸ்டிக்கரில் நிறைந்த சுமைக்கான வரிசை இவர்களுக்காகவே இருக்கிறது. பின் டயருக்கு அந்த எண்ணை வைத்துக் கிளம்பினால் வாலாஜா தாண்டி நெடுஞ்சாலையில் லேன் மாறும்போது வண்டியின் பின்புறம் ஆடும் ஆட்டம் அடங்கும். திரும்பி வந்து சுமை இறக்கியதும் பழைய எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் காலியான பின்பக்கம் வேகத்தடையில் குதிக்கும்.

மழைக்காலத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் 1960-களில் விமான டயர்களை வைத்து வகுத்தது: தண்ணீர் தேங்கிய தளத்தில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி 36 பிஎஸ்ஐக்கு மணிக்கு 100 கிலோமீட்டர், 25 பிஎஸ்ஐக்கு 83. கார் டயரின் அகலமும் பள்ளங்களின் ஆழமும் இந்த எண்களை மாற்றும், ஆனால் போக்கு மாறாது. ஐப்பசி மழையில், காற்று இறங்கிய டயரோடு நெடுஞ்சாலையில் 90-ல் போகிறவர் எதன் மேல் போகிறார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பந்தயத் தளத்தில் மட்டும் கணக்கே வேறு. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் தளத்தில் சில சுற்றுகள் வேகமாக ஓட்டினாலே அழுத்தம் மளமளவென ஏறும். அங்கே முக்கியம் சூடான எண்தான். அதனால் கொஞ்சம் குறைவாக வைத்து ஆரம்பித்து, வந்து நின்ற உடனே அளந்து, ஏறியதை இறக்குவார்கள். வீடு திரும்புமுன் மறுபடி நிரப்பவும் செய்வார்கள். பிடிப்புக்கு ஆசைப்பட்டு வரம்பு மீறினால் ஃபார்முலா ஒன்னிலும் தப்ப முடியாது. 2013 சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் ஹாமில்டன், மாஸா உட்படப் பலரின் டயர்கள் கிழிந்தபோது பிரெல்லி சொன்ன காரணங்களில் ஒன்று, பரிந்துரைத்ததைவிடக் குறைந்த காற்று.

இனி சாமான்களின் தீர்ப்பு. காற்றடிக்கும் மெஷின் சத்தம் போடும், விடிகாலையில் பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டு இயக்குவது உத்தமம். 3, 4 பிஎஸ்ஐ ஏற்றச் சில நிமிடங்கள் ஆகும். குழாயின் பித்தளை முனை கை வைக்க முடியாதபடி சுடும். ஓடும்போது திரை காட்டும் எண் சற்று அதிகமாகத் தெரியும், நின்றபின் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகு முனையைக் கழற்றும்போது 'உஸ்' என்று கொஞ்சம் காற்றும் போகும். இத்தனை குறைக்குப் பிறகும் இதுதான் மூன்றில் சிறந்த முதலீடு, காரணம் ஒன்றே: வாசலில், டயர் குளிர்ந்திருக்கும்போதே நிரப்ப முடிகிறது. பேனா மீட்டர் சில நூறு ரூபாய். மெஷின் சொல்வதைச் சரிபார்க்க ஒன்று வேண்டும். டிபிஎம்எஸ் இல்லாத காருக்கு வால்வு மூடியாகத் திருகும் சென்சார் செட் வருகிறது. வேலை செய்யும், ஆனால் தெருவில் நிறுத்துகிறவர்கள் மூடி திருடு போவதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம். சாதா காற்றிலேயே 78 சதவீதம் அதுதான், சூட்டில் அழுத்தம் ஏறும் விதியும் இரண்டுக்கும் ஒன்றே. ஈரம் இல்லாதது மட்டும் சிறு லாபம். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்.

டிபிஎம்எஸ், டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட் மூன்றும் இருக்கும் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020-ல் விதியைத் தளர்த்தியது. உங்கள் வண்டியில் ஸ்டெப்னி இருந்தால், பெரும்பாலும் அதற்குள் சென்சார் இருக்காது, திரையிலும் அது தெரியாது. அடுத்த முறை மீட்டரைக் கையில் எடுக்கும்போது டிக்கியைத் திறந்து அதையும் அளந்துவிடுங்கள்.