அப்பத்தா ஒப்புக்கொண்ட டிகாக்ஷன்

கை முறுக்குக்குப் பேர்போன சேலத்து ஆட்டையாம்பட்டியில் காபியைச் சோதிப்பது சுலபம். முறுக்கு ஒரு கடி, காபி ஒரு வாய். எண்ணெயும் எள்ளும் நாக்கில் நிற்கும்போதே காபி வாசம் மேலே எழும்பினால் டிகாக்ஷன் தேறியது. இல்லையென்றால் அது வெறும் சுடுபால். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு வந்திறங்கிய 600 வாட் டிரிப் காபி மேக்கர் முதல் நாளே இதில் தோற்றது. கையேட்டில் சொன்னபடி தண்ணீர், சொன்னபடி தூள். ஒரு வாய் குடித்த அப்பத்தா டம்ளரைத் தள்ளி வைத்தார்: “ஏங்கண்ணு, கழனித் தண்ணியாட்டம் இருக்குதே!”

மெஷினைக் குறை சொல்வதற்கில்லை. அதன் பிறந்த வீட்டு வழக்கம் அப்படி. 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, மகனுடைய நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்துத் துளையிட்ட பாத்திரத்தில் போட்டுக் காபி வடித்தார். அதே நாட்டில் 1954இல் விகோமாட் என்ற மின்சார டிரிப் மெஷின் வந்தது. அங்கே வடிவதை அப்படியே குடிப்பார்கள். லிட்டர் தண்ணீருக்கு 55, 60 கிராம் தூள் போதும். நமக்கு வடிய வேண்டியது காபியல்ல, டிகாக்ஷன். இரண்டு மூன்று பங்கு பால் விழுந்த பிறகும் அது தலைதூக்கி நிற்க வேண்டும். அதனால் 200 மில்லி தண்ணீருக்கு 35, 40 கிராம் தூள். அவர்கள் கணக்குக்கு மூன்று மடங்கு.

அளவு சரியானதும் மெஷினில் தூள் போடும் கூடை பொங்கி வழிந்தது.

காரணம் தூள். ஃபில்டருக்கென்று நைசாக அரைத்த, சிக்கரி கூடிய தூள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உப்பும். எவர்சில்வர் ஃபில்டரில் அது நன்மை: சொட்டுச் சொட்டாக இறங்கி டிகாக்ஷன் கெட்டிப்படும். மெஷினுக்கோ பொறுமை இல்லை. கூடை அடைத்தாலும் மேலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். சட்டப்படி சிக்கரி 49 சதவீதம் வரை கலக்கலாம் என்பதால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது. மெஷினுக்கு 15, 20 சதவீதத்தோடு நிறுத்தி, ரவையைவிடச் சற்று நைசாக அரைக்கச் சொல்ல வேண்டும். சேலத்துக்காரர்களுக்குக் கொட்டைக்குப் பஞ்சமில்லை. 1820களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் நட்டுவைத்தது இன்றும் ஏற்காட்டில் காய்க்கிறது. தாள் வடிகட்டி மட்டும் வேண்டாம். கொட்டையின் எண்ணெயை அது தடுத்துவிடும். நைலான் வலையே போதும்.

இன்னொரு கைப்பக்குவமும் உண்டு. தூள் நனைந்ததும் ஸ்விட்சை அரை நிமிடம் அணைத்துவிட்டு மறுபடி போட்டால் வாசம் கூடுகிறது. இதைக் கையேட்டில் தேடினால் கிடைக்காது.

உள்ளே மோட்டார் எதுவும் இல்லை. அடியில் ஹீட்டரை ஒட்டிய சிறு குழாயில் தண்ணீர் கொதிக்க, ஆவிக் குமிழிகளே அதை மேலே தள்ளுகின்றன. ஆகவே மெஷினின் ஆயுள் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. போர்த் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து குழாய் குறுகும். குடிக்கிற நல்ல தண்ணியே இதற்கும். மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்பு கரைத்த நீரை ஓட்டிவிட்டு, இரண்டு முறை வெறும் தண்ணீரால் அலச வேண்டும். வோல்டேஜ் 230இலிருந்து 190க்கு இறங்கும் மாலைகளில் 600 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 410 வாட்டாகிவிடும். நான்கைந்து நிமிட வேலை அன்றைக்கு ஆறேழு ஆகும்.

வாங்கும்போது விட்டுக்கொடுக்கவே கூடாதது ஒன்று: கண்ணாடிக் குடுவைக்கு அடியிலுள்ள சூட்டுத் தட்டு தானாக அணைய வேண்டும். அரை மணி நேரம் தட்டிலேயே கிடந்த டிகாக்ஷனில் கருகல் நெடி ஏறிவிடும், எத்தனை சர்க்கரை போட்டாலும் போகாது. ஃபிளாஸ்க் குடுவை வைத்த மாடல் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.

தூளும் அளவும் மாறிய பிறகு அப்பத்தா டம்ளரைக் காலி செய்தார். “பரவால்ல” என்றார், அவரிடம் அது பெரிய மார்க். ஆனாலும் அவருக்கும் தாத்தாவுக்குமான இரண்டு டம்ளர் இன்னும் ராத்திரியே வெந்நீர் ஊற்றி மூடிவைத்த பழைய ஃபில்டரிலிருந்துதான் வருகிறது. சீர், விருந்து என்று பத்துப் பேர் கூடும் காலைகளில் மெஷின் மேடைக்கு வருகிறது. மற்ற நாட்களில் கிரைண்டருக்குப் பக்கத்தில், துணி போர்த்தியபடி.