நன்றி: இணையம்

அண்மையில் என் கைக்குக் கிடைத்த கவிதைத் தொகுதியொன்றின் அட்டையில், இடிபாடுகளுக்கு நடுவே ஒரு சிறுமி நிற்கிறாள். உள்ளேயுள்ள பாதிக் கவிதைகளை விட அந்தப் படமே அதிகம் பேசுகிறது. அச்சகம், கணினி வடிவமைப்பு, மெய்ப்புப் பார்த்தவர் என எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. அட்டைப்படத்துக்கு நேரே மட்டும் 'நன்றி: இணையம்'.

இணையம் என்ன ஓர் ஆளா? தபாலில் வந்த கவிதையைப் பிரசுரித்துவிட்டு 'நன்றி: தபால் கந்தோர்' என்று போட்டால் நமது கவிஞர்கள் சும்மா இருப்பார்களா?

2010 ஜனவரி 12இல் ஹெயிட்டியை நிலநடுக்கம் தாக்கியபோது, அந்நாட்டுப் புகைப்படப்பிடிப்பாளர் டானியல் மொரெல் தான் எடுத்த படங்களை ட்விட்டர் வழியே வெளியிட்டார். இன்னொருவர் அவற்றைத் தனதாக்கிப் போட, ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அந்த மனிதரின் பெயரிலேயே விநியோகித்தது. கெட்டி இமேஜஸ் மூலமாகவும் அவை பரவின. மொரெல் ஆட்சேபித்தார். வேடிக்கை என்னவென்றால், முதலில் வழக்குத் தொடுத்தது ஏஎஃப்பிதான். ட்விட்டரில் இட்டதை எவரும் எடுக்கலாம் என்ற அதன் வாதத்தை நியூயோர்க் நீதிமன்றம் 2013 ஜனவரியில் நிராகரித்தது. நவம்பரில் ஜூரிகள் விதித்த நட்டஈடு சுமார் 12 இலட்சம் டொலர். தொகை பெரிதுதான். ஆனால் என்னை உறுத்தியது, படங்களை அகற்றும்படி அறிவித்த பின்னரும் பிழையான பெயரோடு அவை கெட்டியில் கிடந்தமைதான்.

"நாங்கள் இலாபத்துக்கா நூல் போடுகிறோம்?" என்று கேட்பார்கள். இல்லைதான். கடன்பட்டு அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவர்கள் நாம். எனினும் நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் ஆக்கமாகவே கொள்கிறது. ஆக்கியோன் பெயர் குறிக்கப்படும் உரிமையையும் தருகிறது.

சட்டத்தை விடுவோம். ஒரு ஹதீஸைக் கேட்டதும் 'அறிவிப்பாளர் யார்?' என்று வினவிப் பழகிய சமூகம் நாம். இந்தத் தொகுதியின் கவிதைகள் காஸாவைப் பேசுகின்றன. அந்தச் சிறுமி காஸாவைச் சேர்ந்தவளா, அலெப்போவைச் சேர்ந்தவளா? கவிஞரிடமே கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எடுத்தவரின் பெயர் உதிர்ந்தபோது ஊரும் நாளும் சேர்ந்தே உதிர்ந்துவிட்டன. சாட்சியாக வைத்த படம் வெறும் அலங்காரமாகிவிட்டது. நல்ல கவிதைகள் சில உள்ளே இருப்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இரண்டாம் பதிப்பு வந்தால் அந்த வரியில் ஒரு மனிதரின் பெயர் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் படமில்லாத வெற்று அட்டையே போதும்.